வங்குரோத்து நிலையிலும் வீட்டைக் காப்பாற்ற வழி உண்டு

"வியாபாரம் விழுந்துவிட்டது. வீட்டுக் கடன் தவணையும் தவறிவிட்டது. இன்னொரு வங்கி இந்தக் கடனை எடுத்துக்கொள்ளுமா?" வங்கியொன்றின் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற என்னிடம் அண்மைக் காலத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எடுத்துக்கொள்ளும், ஆனால் உடனே அல்ல. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாததால்தான் பலர் வீட்டை இழக்கிறார்கள்.

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வீதமே 27 சதவீதத்தைத் தாண்டியது. 15 வருடத்தில் கட்டி முடிக்க எடுத்த 50 இலட்சம் ரூபா கடனுக்கு 12 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 60,000 ரூபா. அதுவே 28 சதவீதமானால் சுமார் 118,500 ரூபா. மாறும் வட்டியில் கையொப்பமிட்டவர்கள் ஊதாரித்தனத்தால் விழவில்லை.

நீதிமன்றம் சென்று வங்குரோத்து அறிவித்தால் வீடு தப்பிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எமது வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் 1853 ஆம் ஆண்டுக்குரியது, சாதாரண மனிதர்கள் அதை நாடுவது மிக அரிது. நாடினாலும், ஈடு வைத்த வீட்டின் மீது வங்கிக்குள்ள உரிமை அழியாது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நாம் 'பராட்டே' என்று சொல்லும் முறையில், வழக்கில்லாமலே வங்கி அந்த வீட்டை ஏலத்தில் விற்கலாம். மூலத்தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு 2011 ஆம் ஆண்டுத் திருத்தம் இதிலிருந்து பாதுகாப்பு அளித்தது. ஆனால் அந்தக் கடன்களுக்கும் வங்கி வழக்குத் தொடரலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, இருக்கும் வங்கியுடனேயே பேசுங்கள். தவணை 90 நாட்களைத் தாண்டினால் கடன் செயற்படாக் கடனாகக் கணிக்கப்படும். அதற்கு முன்னரே, வருமானம் குறைந்ததற்கான ஆதாரங்களுடன், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் வங்கி பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த எமது நாடும் கடன்காரர்களுடன் பேசித்தான் மீள்கட்டமைத்தது.

இரண்டாவது, உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். கிரிப் எவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. எந்தக் கடன், எத்தனை நாள் தாமதம் என்ற விபரம்தான் அதில் இருக்கும், முடிவு வங்கியுடையது. அடைத்து முடித்த கடன் அடைக்கப்படாததாகக் காட்டப்பட்டிருந்தால், கடன் தந்த நிறுவனத்திடம் சொல்லித் திருத்துங்கள். நண்பருக்காகப் பிணை நின்ற கடனும் அதில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, குறைக்கப்பட்ட தவணையைத் தொடர்ச்சியாகக் கட்டிக் காட்டுங்கள். புதிய வங்கி பார்ப்பது விழுந்ததை மட்டுமல்ல, எழுந்து எவ்வளவு காலம் நடந்தீர்கள் என்பதையும்தான். அதன் பிறகே கடனை மாற்றக் கேளுங்கள். மாற்றும்போது வட்டி வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். பழைய கடனை முன்கூட்டியே அடைக்கும் கட்டணம், காணி மதிப்பீடு, நொத்தாரிசு கட்டணம், முத்திரை வரி, காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சேமிப்பு அதைவிடக் குறைவென்றால் மாற்றுவதில் பயனில்லை.

வட்டியிலிருந்து வெளியேற இதைச் சந்தர்ப்பமாகக் கொள்ள விரும்புவோர் பலர். 2005 ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இலங்கையில் அதற்கு வழி உண்டு. குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வங்கி உங்கள் வீட்டின் ஒரு பங்கை வாங்கும், அந்தப் பணத்தால் பழைய கடன் அடைக்கப்படும். நீங்கள் வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தியபடி, அந்தப் பங்கைச் சிறுகச் சிறுக மீள வாங்குவீர்கள். ஆனால் இங்கும் கிரிப் பார்ப்பார்கள், வருமானமும் கேட்பார்கள், தவறினால் வீடு ஏலத்துக்கும் போகலாம். வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எதன் அடிப்படையில் மாறும் என்று கேட்டுவிட்டே கையொப்பமிடுங்கள்.

நான் அஞ்சுவது வங்கியைவிட இன்னொன்றுக்குத்தான். ஏலத்துக்குப் பயந்து, "இப்போது அறுதியாக எழுதித் தாருங்கள், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பவரிடம் வீட்டை எழுதிக் கொடுக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி சம்பந்தமான உடன்பாடு நொத்தாரிசு முன் எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வாக்குறுதியை வைத்து வீட்டை மீட்க வருடக்கணக்கில் வழக்காட நேரும். ஏலம் என்றால் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும், பேசுவதற்குக் கொஞ்சம் அவகாசமாவது கிடைக்கும். அறுதி உறுதியில் அந்த அவகாசமும் இல்லை.

கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (2:280). கடன் கொடுத்தவருக்கான கட்டளை அது. கடனாளியின் பொறுப்பு ஒளியாமல் நேரில் போய்ப் பேசுவது. தவணை தவறும் என்று தெரிந்த மாதத்திலேயே வங்கிக்குப் போங்கள்.