பழைய ‘சூப்பர் கார்’ வாங்கலாமா?

2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்தில் நெடுநாள் பழக்கமான நண்பர் ஒருவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

“பையன் போர்ஷே கார் வாங்கப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான் சார். பழசுதானாம். நாப்பத்தெட்டு லட்சம். நீங்க வந்து ஒரு தடவை பாருங்களேன்” என்றார்.

பையன் செக்டர் ஃபைவில் நல்ல வேலையில் இருக்கிறான். அந்த நாற்பத்தெட்டு லட்சம், நண்பர் ஓய்வு பெற்றதும் தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்க அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்த்து வைத்தது. ஆகவே கவலை நியாயமானதே. என்னை ஏன் கூப்பிட்டார் என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும். கார்களைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் உண்டு என்று சங்கத்தில் ஒரு வதந்தி. நான் 1996-ல் நன்றாக ஏமாந்ததுதான் அதற்கு மூலகாரணம்.

அந்நாளைய கல்கத்தாவில் சூப்பர் கார் என்றால் கான்டெஸாதான். பிரிட்டிஷ் வாக்ஸால் விக்டர் காரின் வடிவத்தில், நம் ஊருக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த வண்டி. தொடக்கத்தில் அதற்கு அம்பாஸடரின் 1,489 சி.சி. எஞ்சினையே மாட்டினார்கள். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. 88 குதிரைத்திறன். வண்டிக்கு உயிர் வந்தது. பழைய வண்டிச் சந்தையில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு.

நான் ஒரு தரகர் மூலம் ‘இசுசூ’ கான்டெஸா வாங்கினேன். பின்னால் 1.8 என்று எழுத்துகள் பளபளத்தன. குடும்பத்தோடு தட்சிணேஸ்வரம் போய்விட்டு மறுநாள் வித்யாசாகர் சேதுவில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கித்தான் மேலே ஏற்றினேன். அருகில் ஒரு மினி பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே இருந்தது பழைய 1.5. பெயர்ப் பலகை மட்டும் மல்லிக் பஜாரில் வாங்கி ஒட்டியது. கியர்க் கம்பியில் நான்கா ஐந்தா என்று எண்ணியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். என் மனைவி இன்றுவரை கடையில் எந்தப் பெட்டியை வாங்கினாலும், “உள்ளே என்ன இருக்குன்னு பாத்தீங்களா?” என்று கேட்பாள்.

அந்த அனுபவத்தோடுதான் தம்பியிடம் பேச உட்கார்ந்தேன். அவன் பார்த்திருந்தது 2011-ம் ஆண்டு போர்ஷே 911 கரேரா. 3.6 லிட்டர், 345 குதிரைத்திறன். 911-ஐ சூப்பர் கார் என்று சொல்லலாமா என்று கார்ப் பைத்தியங்கள் சண்டை போடுவார்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் அதைச் சூப்பர் கார் அல்ல என்று சொல்லிப் பாருங்கள், யாரும் நம்பமாட்டார்கள்.

வேகத்தை எடைபோட ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போதும். குதிரைத்திறனை வண்டியின் எடையால் வகுக்க வேண்டும். என் கான்டெஸா சரியான எஞ்சினோடு இருந்திருந்தாலும் சுமார் 1,200 கிலோவுக்கு 88 குதிரை, அதாவது டன்னுக்கு 73. இன்றைய மாருதி ஸ்விஃப்ட் 82 குதிரைத்திறன், 920 கிலோ அளவு. டன்னுக்கு 89 வருகிறது. அன்றைய ராஜா இன்றைய குடும்ப வண்டியிடம் தோற்கிறான். தம்பியின் போர்ஷே சுமார் 1,450 கிலோ. டன்னுக்கு 238. கிட்டத்தட்ட ஐந்து விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம்.

“பாத்தீங்களா மாமா!” என்று முகம் மலர்ந்தான். அவசரப்படாதே என்றேன். 2003-ல் வந்த லம்போர்கினி கயார்டோ 500 குதிரைத்திறன், நூறைத் தொட 4.2 விநாடி. அன்று உலகமே வாய் பிளந்தது. 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த பி.ஒய்.டி. சீல் என்ற நான்கு கதவு மின்சாரக் கார், 53 லட்ச ரூபாய் விலையில், அதே நூறை 3.8 விநாடியில் தொடுகிறது. சத்தமே இல்லாமல், பின்சீட்டில் பாட்டி உட்கார்ந்திருக்க. வேகம் மட்டும்தான் வேண்டுமென்றால் பழைய சூப்பர் காருக்குப் பணம் கொடுப்பது வீண். அதில் நாம் வாங்குவது சத்தம், வடிவம், ஸ்டீயரிங் வழியே கைக்கு வரும் உணர்வு, கொஞ்சம் கௌரவம். அதற்கு விலை கொடுப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். பட்டுப்புடவையை யாரும் வெயிலுக்காக வாங்குவதில்லையே.

இன்னொன்று. காகிதத்தில் உள்ள 345 குதிரையும் பதினான்கு வருடத்துக்குப் பிறகு லாயத்தில் இருக்கின்றனவா? அந்த எண்கள் புது எஞ்சினுக்கும் நல்ல ஆக்டேன் பெட்ரோலுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உரியவை. வைசாக மாதத்துக் கொல்கத்தாவில் காற்றே கொதிக்கிறது. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. வேகக் கார்கள் கொஞ்சம்தான் ஓடும், அதனால் டயர்ப் பூ தேயாது. ஆனால் ரப்பர் கெட்டியாகிவிடும். அந்த டயரில் 345 குதிரையும் வழுக்கத்தான் செய்யும், பிரேக்கும் பிடிக்காது. ‘வெறும் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று தரகர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். நின்றே கிடந்த வண்டியில் பேட்டரி, ரப்பர் சீல், பிரேக் திரவம் எல்லாமே வயதாகும். ஃபெராரி 355-ல் டைமிங் பெல்ட்டை ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலக்கெடுவில் மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும்.

இங்கேதான் விலை விஷயம் வருகிறது. கோடிக்கு மேல் விற்ற கார் நாற்பத்தெட்டு லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் பிரேக் தட்டு இறங்கவில்லை. அது இன்றும் கோடி ரூபாய்க் காரின் பிரேக் தட்டுதான். யானையை அரை விலைக்கு வாங்கலாம், கரும்பை அரை விலைக்கு யார் தருவார்? நான் அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்: நாற்பத்தெட்டு லட்சத்துக்கு ஏழு சதவீதம் வட்டி வருடத்துக்கு 3,36,000 ரூபாய். வண்டி வீட்டு வாசலில் நின்றாலே மாதம் 28,000 போகிறது. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் தனி. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாதவன் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது என் கட்சி.

பழைய காரின் மதிப்பு சில சமயம் காரில் இருப்பதில்லை, கதையில் இருக்கிறது. டெண்டுல்கர் பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-ல் ஃபெராரி 360 மொடேனா பரிசாக வந்தது. மைக்கேல் ஷூமாக்கர் சில்வர்ஸ்டோனில் சாவியைக் கொடுத்தார். இறக்குமதி வரி விலக்குப் பற்றி நாடே சர்ச்சை செய்து, கடைசியில் ஃபியட் நிறுவனம் வரியைக் கட்டியது. 2011-ல் அந்தக் கார் சூரத்தில் ஒருவருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் செய்த வேறொரு 360-ம் அதே 400 குதிரைத்திறன்தான். ஆனால் ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தில் டெண்டுல்கர் பெயர் இருந்தது. நம் தம்பியின் போர்ஷேயில் அப்படி யார் பெயரும் இல்லை. ஆகவே நிலைமை, சரித்திரம் இரண்டையும் பார்த்துத்தான் விலை சொல்ல முடியும்.

அடுத்த ஞாயிறு மூவருமாகப் போய்ப் பார்த்தோம். பாலிகஞ்ச் பக்கம் ஒரு கராஜ். வெள்ளைக் கார், அழகுதான். ஒப்புக்கொள்கிறேன், எனக்கே ஒரு நிமிடம் சபலம் தட்டியது.

முதலில் காகிதம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்க 35-ம் பாரம். பெயர் மாற்ற 29, 30. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்றுக்கு 28. நம்மவர்கள் என்றாவது ஊர் திரும்புகிறவர்கள், அதனால் இது முக்கியம். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நின்றால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். விலை உயர்ந்த காருக்கு அது சின்னத் தொகை அல்ல. அடுத்து வயது. 2026-ல் அந்தக் காருக்குப் பதினைந்து நிறைகிறது. அதற்குப் பின் தகுதிச் சோதனையும் புதுப்பித்தலும் உண்டு, இறக்குமதி வண்டிக்குக் கட்டணமும் அதிகம். கொல்கத்தா, ஹௌராவில் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளை விலக்கும்படி 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் நினைவிருக்கட்டும். பெல்தலா அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை உறுதி செய்துகொண்ட பிறகுதான் முன்பணம். ‘பூட்டான் வண்டி, சீப்பா வரும்’ என்று யாராவது காதைக் கடித்தால் ஓடிவிடுங்கள். அப்படிப் போலிக் காகிதத்தோடு வந்த கார்களைத் தேடி 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை வீடு வீடாகப் போயிற்று. வியாபாரியிடம் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. அவர் லாபத்தின்மேல் கணக்கிடப்படுவது, காரின் முழு விலைமேல் அல்ல. தனி நபர் தன் சொந்தக் காரை விற்றால் அதுவும் இல்லை.

பிறகு வண்டி. கம்ப்யூட்டர் செருகிப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்து வருகிறோம் என்றோம். போர்ஷேயில் எஞ்சினை எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழற்றினார்கள் என்பது உள்ளேயே பதிவாகியிருக்கும். முன்னாள் ஓட்டுநரின் குணம் அதில் தெரிந்துவிடும். விற்பவர் முகம் சுளித்தார். “தர்கார் நேய், தாதா” என்றார். தேவையில்லையாம்.

அப்போதுதான் எனக்கு 2025 செப்டம்பர் 23 நினைவுக்கு வந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கொல்கத்தா தெருவெல்லாம் ஆறாக ஓடி, மின்சாரம் தாக்கியே பலர் இறந்த நாள். தரைக்கு ஒட்டி நிற்கும் இந்த மாதிரிக் கார்களுக்கு முழங்கால் தண்ணீரே வெள்ளம். தண்ணீருக்குள் எஞ்சினை ஓட்டினால் காற்றுக் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் போகும். நீரை அமுக்க முடியாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஓட்டாமல் நின்றிருந்தால் எஞ்சின் தப்பலாம், ஆனால் இருக்கைக்குக் கீழே ஓடும் ஒயர் இணைப்புகள் மெல்லப் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகச் சதி செய்யும். ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தரைவிரிப்பையே புதிதாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை யாரும் கழுவுவதில்லை.

“தம்பி, அந்த பெல்ட்டை முழுசா வெளியில இழு” என்றேன்.

இழுத்தான். ஒரு கஜம் வரை கறுப்பாகப் பளபளவென்று வந்தது. அதற்குப் பிறகு கங்கைக் கரையில் நாம் பார்க்கும் அதே வண்டல், பழுப்பு நிறக் கோடாக. சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் விரலை வைத்தேன், துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

“ஓ கிச்சு நா, தாதா, துலோ!” வெறும் தூசியாம்.

நண்பர் எதுவும் பேசவில்லை. பையன் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைத் தானாகவே சுருள விட்டுவிட்டு, “போலாம்ப்பா” என்றான்.

திரும்பும் வழியில் கோமள விலாஸில் காபி குடித்தோம். ஃபிளாட்டுக்கு முன்பணம் ஜனவரியில் கட்டுவதாகப் பேச்சு. காபி பாதி இருக்கும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: “மாமா, அந்தக் கான்டெஸா இப்ப எங்கயாவது கிடைக்குமா? அசல் இசுசூ எஞ்சினோட?” உத்தரபாரா பக்கம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. மாக மாதம் பிறந்ததும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். இந்தத் தடவை கியரை நான் எண்ணுவேன்.