வந்த மரம் காட்டில் மலிவது ஏன்?



பிறநாட்டிலிருந்து வந்த மரங்கள் யாவும் காட்டை நிரப்பிவிடுவதில்லை. புளி ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பன்னூறு ஆண்டுகளாக நம்மிடையே வளர்ந்தும், பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த வன்னிக் காட்டை அது வென்றதில்லை. ஆயின், மெக்சிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இபில் இபிலும் சீமைக் கருவேலும் அவ்வாறு அடங்கி நிற்கவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிதல் கமத்துக்குப் பெரிதும் பயன்படும்.

முதற் காரணம் மனிதனே

சீமைக் கருவேல் 1950களின் தொடக்கத்தில் அம்பாந்தோட்டைப் பகுதியில், உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் நடப்பட்டது. பின்னர் அது பூந்தலப் பகுதியின் புதர்க்காட்டினுள்ளும் களப்புக் கரைகளிலும் பரவியது. 1990 ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அதுவேயாகும். இபில் இபிலும் பசளைக்கும் தீவனத்துக்கும் விறகுக்குமென ஊர்தோறும் நடப்பட்டது. ஒரு மரம் எத்தனை இடங்களில் நடப்படுகின்றதோ, அத்தனை இடங்களிலிருந்தும் அதன் விதை புறப்படுகின்றது.

விதையின் வலிமை

புளி காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இபில் இபில் ஓரிரு ஆண்டுகளுக்குள் காய்த்துவிடும். அதன் விதைத்தோல் கடினமானதாகலின், விதை மண்ணிற் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மழையும் ஒளியும் வாய்க்கும்போது முளைக்கும். சீமைக் கருவேலின் இனிய காய்களை ஆடுமாடுகள் விரும்பி உண்ணும்; இலைகளையோ தீண்டா. விதைகள் சிதையாது சாணத்துடன் வெளிப்பட்டு, அச்சாணத்தையே எருவாகக் கொண்டு முளைக்கும். இவ்வாறு கால்நடைகளே அதனைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இவ்விரு மரங்களையும் வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும்.

வெறுநிலமே வாயில்

விதை மிகுந்திருத்தல் மட்டும் போதாது. இம்மரங்கள் ஒளியை நாடுவன. அடர்ந்த காட்டின் நிழலில் இவை தழைப்பதில்லை. வெட்டிய காடு, எரிந்த நிலம், வீதியோரம், வாய்க்காற்கரை, கைவிடப்பட்ட வயல் ஆகியனவே இவை நுழையும் வாயில்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது, இரணைமடுக் குளத்து நீரால் விளையும் உருத்திரபுரத்து வயல்களும் வளவுகளும் பயிரின்றிக் கிடந்தன. மீண்டு வந்தோர் பற்றைகளை அகற்றியே கமத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பயிர் இல்லாத நிலம் வெறுமனே இராது. அருகில் எவ்விதை மிகுந்துள்ளதோ, அதுவே அங்கு குடியேறும். எனவே, வேலியோரத்தில் நிற்கும் ஒரு மரம் நாளை அயற்காட்டுக்கும் வரம்புக்கும் விதை வழங்கக்கூடும்.

செய்யத் தக்கவை

1. இபில் இபிலைப் பசளைக்காக வளர்ப்போர், பூக்குமுன் குழையை வெட்டி வயலில் இடுக. காய் முற்ற விடுதல் ஆகாது.

2. காலபோக மழையால் மண் நெகிழ்ந்திருக்கும்போது இளங்கன்றுகளை வேருடன் பிடுங்குக. முதற் காய்ப்புக்கு முன் பிடுங்குதல் ஒருநாள் வேலை. காய்த்த பின்னரோ அது பல ஆண்டு வேலையாகும்.

3. சீமைக் கருவேலை நிலமட்டத்தில் வெட்டி விடாது, அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க. காய் உதிரும் இடத்தில் மேய்ந்த கால்நடைகளை உடனே காட்டோரத்துக்கு ஓட்டற்க.

4. மரம் அகற்றிய இடத்தை வெறுமையாய் விடாது, பயிரையோ நிழல்தரும் நாட்டு மரத்தையோ உடனே நடுக.

5. வேலிக்குக் கிளுவையும் பூவரசும் ஏற்றவை. தடி நட்டு வளர்க்கலாம். பூவரசங் குழை நல்ல பசளையுமாகும்.

வந்த மரம் தன் வலிமையால் மட்டும் மலிவதில்லை. விதையையும் வெறுநிலத்தையும் நாமே அதற்கு அளிக்கின்றோம். இவ்விரண்டையும் மறுத்தால், காடும் கமமும் ஒருங்கே காக்கப்படும்.