பொத்தான் அழுத்தமும் அங்கத்தினர் கணக்கும்

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலையிலிருந்து பேருந்து ஏறுவது எளிதான காரியம் அன்று. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் ஓய்ந்த அன்பர்கள் நிலையம் முழுவதும் அமர்ந்திருப்பார்கள். அத்தகைய ஒரு காலையில் நாம் சுற்றுவட்டாரத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கே கண்டது எந்தச் சங்கத்திலும் நேரக்கூடியதே.

ஏடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு பசு மட்டுமே வைத்திருக்கும் வயதான அம்மாள் ஒருவர் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதனுள் பால் ஊற்றியதற்கு இயந்திரம் அச்சிட்டுத் தரும் சீட்டுகள் இருந்தன. "சார், என் நம்பர் ஒத்தை நாலு. இதுலே ரெண்டு நாலு நிக்குது பாருங்க" என்றார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தம் எண்ணின் உருவம் மட்டும் தெரியும். எழுத்தரோ, "மெஷின் தப்புப் பண்ணாதும்மா" என்று முன்னரே இருமுறை பதில் கூறி அனுப்பிவிட்டாராம்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். 11 வேளைப் பால் 44-ஆம் எண்ணில் ஏறியிருந்தது. அந்த எண்ணுக்குரியவர் மாடுகளை விற்றுவிட்டுப் பால் ஊற்றுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. ஆகவே, பணத்தை எவரும் எடுத்திருக்கவில்லை. அதனாலேயே எவரும் கவனிக்கவும் இல்லை.

எழுத்தரின் நேர்மையில் ஐயம் கொள்ள இடமில்லை. அவர் 4-ஐ ஒரு முறைதான் அழுத்தினார். நாமே இயந்திரத்தின் முன் அமர்ந்து, அந்தப் பொத்தானை நிதானமாக 100 முறை அழுத்திச் சோதித்தோம். 9 முறை திரையில் 44 என்று வந்தது. ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவது எங்ஙனம்?

இதனை அறிய, விசைப்பலகையின் உட்புறம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று காண வேண்டும். நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏனெனில் அது ஒரு சிறு தறியே. 12 பொத்தான்களுக்குத் தனித்தனியே கம்பி இழுத்தால் பொதுக் கம்பியோடு 13 கம்பிகள் வேண்டும். அதற்குப் பதிலாகப் பாவு போல 3 கம்பிகளை நெடுக்கிலும், ஊடை போல 4 கம்பிகளைக் குறுக்கிலும் அமைக்கிறார்கள். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் 12 இடங்களிலும் ஒவ்வொரு பொத்தான். தறியில் பாவும் ஊடையும் தொட்டே நிற்கும். இங்கே பொத்தானை அழுத்தும்போது மட்டுமே தொடும். 13 கம்பிகளின் வேலை 7 கம்பிகளில் முடிந்துவிடுகிறது.

இந்த 7 கம்பிகளும் மைக்ரோ கன்ட்ரோலர் என்னும் சிறு சில்லில் சென்று சேர்கின்றன. நகத்தளவே உள்ள அந்தச் சில்லினுள் கணக்கிடும் பகுதியும் நினைவகமும் வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளும் கால்களும் ஒருங்கே அமைந்துள்ளன. பொத்தானை அழுத்தியதும் அது தானே சென்று சில்லினிடம் சொல்லும் என்று எண்ணுகிறோம். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. சில்லுதான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதல் ஊடைக் கம்பியில் மட்டும் மின்னழுத்தத்தை இறக்கி, பாவுக் கம்பிகள் மூன்றில் எதிலேனும் அந்த இறக்கம் தெரிகிறதா என்று பார்க்கும். இல்லையெனில் இரண்டாவது ஊடை, பிறகு மூன்றாவது, நான்காவது; மீண்டும் முதலாவது. கிரிவலத்தில் அஷ்ட லிங்கங்களையும் ஒவ்வொன்றாகத் தரிசித்துச் செல்வது போல அதன் சுற்றும் ஒழுங்கானது, வேகம்தான் வேறு. நொடியில் ஆயிரத்தில் சில பங்கில் ஒரு சுற்று முடிந்துவிடும். இரண்டாவது ஊடையும் முதலாவது பாவும் தொட்டுக்கொண்டால் அது 4 என்று அறிந்துகொள்கிறது.

இந்த வேகமே தொல்லைக்கும் காரணம். நம் விரல் ஒரு பொத்தானை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது அழுத்தி நிற்கும். நமக்கு அது ஒரே அழுத்தம். ஆயினும் உள்ளே இருக்கும் தொடுமுனைகள், தரையில் போட்ட பந்து துள்ளி அடங்குவதைப் போல, தொட்டு விலகித் தொட்டு விலகிப் பிறகே நிலைக்கின்றன. இந்தத் துள்ளல் நொடியில் ஆயிரத்தில் 5 முதல் 20 பங்கு வரை நீடிக்கலாம். அதற்குள் பலமுறை சுற்றி வந்துவிடும் சில்லுக்கு ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தமாகத் தோன்றும். ஆகவே, நிரல் எழுதுவோர் அதற்குச் சற்றுப் பொறுமையையும் கற்பிக்கின்றனர்: தொடுகை தெரிந்ததும் உடனே நம்பாதே, சிறிது பொறுத்து மறுமுறை பார், அப்போதும் அதே பொத்தான் என்றால் ஒரு முறை எழுதிக்கொள், விரல் எடுபட்டது உறுதியாகும் வரை அதனை மீண்டும் எண்ணாதே.

அவ்வாறாயின் அந்தச் சங்கத்தின் இயந்திரம் ஏன் தவறியது? பழுது பார்ப்பவரை வரவழைத்துப் பலகையைத் திறந்தோம். ரப்பர் விரிப்பின் கீழ்ப் பால் கசிந்து காய்ந்து படிந்திருந்தது. பொத்தானின் அடியிலிருந்த கரிப்பூச்சு தேய்ந்திருந்தது. புதிய பலகையின் துள்ளலுக்குப் போதுமான பொறுமை, தேய்ந்து அழுக்கேறிய பலகையின் நீண்ட துள்ளலுக்குப் போதவில்லை. மற்றொரு குறையையும் அவர் செய்து காட்டினார்: 1, 3, 7 ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால், எவரும் தொடாத 9-உம் அழுத்தப்பட்டதாகச் சில்லு எண்ணிக்கொள்கிறது. மின்சாரம் மற்ற மூன்று சந்திப்புகளின் வழியே சுற்றிக்கொண்டு அங்கே போய்விடுகிறது. ஒவ்வொரு பொத்தானோடும் ஒரு டயோடு வைத்தால் இது நிற்கும். விலை மலிந்த பலகைகளில் அதனை வைப்பதில்லை.

பொத்தான் அழுத்தத்தை எவ்வளவு எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே யாவரும் அறிந்த கருவி ஒன்று உண்டு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாகியபோது அப்பணியை மேற்பார்த்தவர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்கள் அறிந்த எழுத்தாளர் சுஜாதா அவரே. 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இவ்வகை இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. அதனைச் சுற்றியுள்ள அரசியல் வாதங்களுள் நாம் புகவில்லை. பொத்தானைப் பற்றியதே நம் பேச்சு. வாக்காளர் ஒருமுறை அழுத்தியதும் விளக்கு எரிந்து ஒலி கேட்கிறது. அதன்பின் அவர் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அடுத்தவருக்கு வழி திறக்க வேண்டும். வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுச் சரிபார்க்கின்றனர். 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி, 2019 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பரவிய ஏற்பாட்டின்படி, பதிவானது யாது என்பது ஒரு காகிதச் சீட்டில் அச்சாகி 7 நொடிகள் வாக்காளருக்குத் தெரிகிறது.

பால் சங்கத்திலும் சீட்டு வரத்தான் செய்கிறது. அதனைப் பார்ப்பவர் யார்? எழுத்தரின் கண் அடுத்த கேன் மீது இருக்கிறது. அங்கத்தினருக்கோ மாட்டைக் கட்ட வேண்டிய அவசரம். அந்த அம்மாள் பையில் சேர்த்து வைத்திராவிடில் 11 வேளைப் பாலுக்கும் வேறு சாட்சியம் இருந்திராது.

நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றி, அவ்வளவு பணத்தையும் அவர் கணக்கிற்கு மாற்றிக் கொடுத்தது. விசைப்பலகை புதிதாக மாற்றப்பட்டது. வழங்காத எண்களையும் பால் ஊற்றுவதை நிறுத்தியவர்களின் எண்களையும் இயந்திரம் ஏற்காதவாறு பூட்டி வைக்கச் சொன்னோம். இது முன்பே செய்திருக்க வேண்டியது. மாதத்தின் முதல் நாளில் ஒவ்வொரு பொத்தானையும் 50 முறை அழுத்திப் பார்த்து ஏட்டில் குறிப்பதென்றும் முடிவாயிற்று. ஆரணிப் பக்கத்து நெசவாளர் சங்கங்களில் பட்டு நூலும் ஜரிகையும் நிறுத்துத் தரும் மின்னணுத் தராசுகளிலும் பொத்தான்கள் உள்ளன. அங்கும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். ஜரிகை பாலைவிட விலை மிகுந்தது அல்லவா?

மறுமாதம் அவ்வழியே சென்றபோது அச்சங்கத்தில் சற்று நின்றோம். இயந்திரத்தின் திரை இப்போது அங்கத்தினர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணை எழுத்தர் உரக்கச் சொல்கிறார். அங்கத்தினர் ஆம் என்றபின்பே பதிவு செய்கிறார். வரிசை நீளுகிறது என்று அவர் நம்மிடம் குறைப்பட்டார். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டோம். 60 பேருக்குச் சுமார் 4 நிமிடம் கூடுதலாகிறது. அந்த அம்மாள் மட்டும் திரையை இரண்டு முறை பார்க்கிறார்.