கதிர்க் காவலும் காற்றுப் பீரங்கியும்

நெற்கதிர் பால் பிடிக்குங் காலம் கமக்காரருக்குக் கண்ணுறக்கமற்ற காலமாகும். உழுது, விதைத்து, உரமிட்டு வளர்த்த பயிரைக் கிளிகளும் நெற்குருவிகளும் அழிக்க முற்படுகின்றன. மரக்கறித் தோட்டங்களிற் குரங்குகள் பிஞ்சையுங் காயையும் பறித்தெறிகின்றன. நாள்தோறும் வெடி வாங்கிக் கொளுத்துவது செலவு மிக்கது. ஆதலால், வீட்டில் எஞ்சிய பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகளை ஒட்டி, அவற்றிற் காற்றையடைத்துச் சுடும் பீரங்கியைத் தாமே செய்துகொள்ளச் சிலர் எண்ணுகின்றனர். “இதில் மருந்தில்லை, நெருப்பில்லை, காற்றினால் என்ன கேடு வரும்?” என்பது அவர்களது கருத்து. இக்கருத்து தவறானது. அதன் காரணத்தை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

பீரங்கி இயங்கும் முறை

இக்கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. இருமுனையும் மூடப்பட்ட அகன்ற குழாய் காற்றறையாகும். ஒடுங்கிய நீண்ட குழாய் சுடுகுழலாகும். இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு திறப்பு அமைந்திருக்கும். ரயருக்குக் காற்றடிக்கும் பம்பியினால் அறையிற் காற்று செறிக்கப்படுகிறது. திறப்பைச் சடுதியாகத் திறந்ததும், அடைபட்ட காற்று குழல் வழியே பாய்ந்து ஓசையெழுப்பும்; குழலினுள் இருக்கும் பொருளையும் வெகுதூரம் எறியும். இதில் முதன்மையான ஆபத்து குழலின் வாயில் இல்லை. சுடுபவரின் கைக்கும் கன்னத்திற்கும் அண்மையிலுள்ள காற்றறையிலேயே உள்ளது.

நீரின் அமுக்கமும் காற்றின் அமுக்கமும்

குழாயின்மேல் அச்சிடப்பட்ட அமுக்க எண்ணைக் கண்டு, “இத்துணை அமுக்கத்தை இது தாங்கும்” எனச் சிலர் துணிகின்றனர். அவ்வெண் நீருக்கு உரியது, காற்றுக்கு உரியதன்று.

நீரை எவ்வளவு அமுக்கினும் அதன் கனவளவு மிகச் சிறிதளவே குறையும். ஆகவே நீர்க்குழாய் வெடித்தால், சிறிது நீர் பீறிட்டதும் அமுக்கம் தணிந்துவிடும். காற்றோ சுருளிவில் போன்றது. அமுக்க அமுக்க அது சுருங்கித் தன்னுள் வலுவைச் சேர்த்து வைக்கும். தடை நீங்கியதும் அவ்வலு முழுவதையும் ஒரு கணத்தில் வெளிவிடும்.

4 அங்குல விட்டமும் 2 அடி நீளமுமுள்ள அறையொன்றில், சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்தில் காற்று அடைக்கப்பட்டதெனக் கொள்வோம். அதில் அடங்கியுள்ள வலு, 50 கிலோகிராம் உரமூடையொன்று ஏறக்குறைய 8 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் வலுவை ஒத்தது. அதே அறையில் அதே அமுக்கத்தில் நீர் இருப்பின், நீரிற் சேர்ந்துள்ள வலு இதன் ஆயிரத்திலொரு பங்கும் ஆகாது.

மேலும், அவ்வறையின் ஒவ்வொரு மூடியையும் காற்று ஏறக்குறைய 570 கிலோகிராம் பாரத்துடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இது பதினொரு உரமூடைகளின் பாரத்திலும் அதிகம். அமுக்கத்தை 30 இறாத்தலாகக் குறைத்தாலும் மூன்று மூடைக்கு மேற்பட்ட பாரம் மூடியின்மீது இருக்கும். அதைத் தடுத்து நிற்பது வீட்டிற் பூசிய பசை மட்டுமே.

குழாய் வலுவிழக்கும் விதம்

பீ.வீ.சீ. குழாய் இரும்பைப்போல நெளிந்து கிழிவதில்லை, கண்ணாடியைப்போற் சிதறும். கூரிய துண்டுகள் நாலாபக்கமும் பாயும். உடையுமுன் அது எவ்வித அறிகுறியையும் காட்டாதிருக்கலாம். பத்து முறை தாங்கிய குழாய் பதினோராவது முறையும் தாங்குமென்பது உறுதியன்று.

வெப்பம் அதன் வலுவைக் குறைக்கும். 43 பாகை சதமவளவை வெப்பநிலையில், அது தாங்கக்கூடிய அமுக்கம் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். வரம்பின்மேல் வெயிலிற் கிடக்கும் சாம்பல்நிறக் குழாய் இவ்வெப்பநிலையை எளிதில் அடையும். நீண்டகாலம் வெயில்பட்ட குழாய் நொறுங்குந் தன்மையடையும். கீழே விழுந்ததால் உண்டான மெல்லிய வெடிப்பும், நன்கு உலராத பசையும் கண்ணுக்குப் புலப்படா. கழிவுநீர்க் குழாய்களோ அமுக்கத்திற்கென்று ஆக்கப்பட்டவையே அல்ல.

பிற நாடுகளிற் கண்டவை

அமெரிக்காவின் தெட்சாசு மாநிலத்துத் தொழிற்சாலையொன்றில், காற்றுச் செலுத்தப்பட்ட பீ.வீ.சீ. குழாய் வெடித்துத் தொழிலாளி ஒருவர் காயமுற்றார். அதனையடுத்து 1988ஆம் ஆண்டில், நிலத்துக்கு மேலாக அமைக்கப்படும் காற்றுக்குழாய்களுக்குப் பீ.வீ.சீ. ஆகாதென அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு நிருவாகம் எச்சரித்தது.

காற்றுக்குப் பதிலாகக் காபைட்டையும் நீரையும் இட்டுத் தீமூட்டும் குழாய் வெடி இதனினும் கொடியது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 2025ஆம் ஆண்டுத் தீபாவளிக் காலத்தில், இத்தகைய வெடிகளால் நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணிற் காயமடைந்தனர். அவர்களுட் பலர் சிறுவர். வெடிக்காத குழாயினுள் எட்டிப் பார்த்ததே பலருடைய கண்ணைக் கெடுத்தது. ஒரு போகத்து நெல்லை மறுபோகத்தில் ஈட்டலாம். இழந்த கண்ணை எப்போகத்திலும் ஈட்டமுடியாது.

நீர்ப்பாசனக் குழாய்களிற் கவனிக்கவேண்டியவை

பீரங்கி செய்யாதவருக்கும் இவ்வறிவு பயன்படும். புதிதாகப் பொருத்திய நீர்க்குழாயிற் கசிவுண்டோவெனக் காற்றடித்துப் பார்த்தலும், அடைப்பை நீக்கக் காற்றுச் செலுத்தலும் கூடா. நீரை மெதுவாக நிரப்பி, உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பின்னரே சோதித்தல் வேண்டும். அடைப்பை நீக்க, கடைமுனையைத் திறந்து நீரினாற் கழுவுதல் போதுமானது.

ஏற்கெனவே செய்து வைத்திருப்போர்

காற்று இல்லாத நிலையிலேயே கருவியைக் கையாளல் வேண்டும். காற்றடைத்திருப்பின் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, குழலின் வாய்க்கும் அறைக்கும் நேரே முகத்தை வையாது, காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றுக. காற்று முற்றாக நீங்கியபின் அறையைக் குறுக்கே அறுத்துவிடுக. அப்படியே மூலையில் வைத்தால் அது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகும்.

பயிரைக் காக்கும் வழிகள்

1. ஒரு வெளியிலுள்ள யாவரும் ஒத்த வயதுடைய இனங்களை ஒரே காலத்தில் விதைத்தல் வேண்டும். முந்தியோ பிந்தியோ தனியே கதிர் முற்றும் வயலுக்கே பறவைகளின் சேதம் மிகுதி.

2. பூத்ததிலிருந்து அறுவடை வரையுள்ள காலம் ஏறக்குறைய 30 நாள். இதற்குள் பால் பிடிக்கும் பருவத்தில் காவலை மிகுத்தல் வேண்டும். விடியற்காலையும் மாலையுமே பறவைகள் பெரிதும் இரைதேடும் வேளைகள்.

3. தகரம் தட்டுதல், மினுங்கும் நாடா கட்டுதல், வெருளி நாட்டுதல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாளுக. ஒரே ஓசைக்கும் ஒரே உருவத்திற்கும் பறவைகளும் குரங்குகளும் சில நாளிற் பழகிவிடும். பீரங்கியின் ஓசைக்கும் இது பொருந்தும்.

4. நாற்றுமேடைக்கும் சிறு மரக்கறிப் பாத்திக்கும் வலை விரித்தல் சிறந்தது.

5. அயலவர் கூடி முறைவைத்துக் காவல் செய்தல் செலவில்லாத வழியாகும். காட்டோர எல்லையிற் பற்றைகளை வெட்டி வெளியாக்கினால், குரங்குகள் மறைந்து வருதல் குறையும்.

குழாய் நீரைக் கொண்டுசெல்லட்டும். அதற்கே அது ஆக்கப்பட்டது. அதிற் காற்றை அடைத்துக் கையில் ஏந்துதல், கதிரைக் காக்கப் போய்க் கண்ணை இழப்பதற்கு வழியாகும். தம் பயிருக்கேற்ற காவல் முறைகளை அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுதல் நலம்.