எந்தப் பெட்ரோல் போடலாம்?

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வெளியூர்க் கார்கள் வந்தபடியே இருக்கும். அம்மா அப்பாவை அபிராமி சன்னதிக்கு அழைத்து வந்த பிள்ளைகள் டீக்கடையில் நின்று பேசினால், பேச்சு எப்படியும் இங்கே வந்துவிடும்: சாதா போடலாமா, பிரீமியம் போடலாமா? உட்காருங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதுதான் அது எரிய வேண்டும். அழுத்தமும் சூடும் தாங்காமல் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொண்டால் இஞ்சின் ‘டிக் டிக்’ என்று தட்டும். நாக்கிங் என்கிறோமே, அது. அப்படிப் பற்றாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. பெட்ரோலில் இருக்கும் சக்திக்கு அது அளவு இல்லை. 91 போதும் என்று வடிவமைத்த இஞ்சினில் 100 ஊற்றினாலும் பிக்கப் அதிகரிக்காது. டர்போ கார், அழுத்த விகிதம் கூடிய கார் என்றால் கம்பெனி கையேடு என்ன எண் கேட்கிறதோ அதைப் போடுங்கள்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. சாதா பெட்ரோலே 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் இந்தக் கலவை 95-ஐத் தொடுகிறது என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கியது. அப்படியானால் 95 என்று எழுதிய பிரீமியத்தில் நீங்கள் கூடுதலாக வாங்குவது பெரும்பாலும் இஞ்சினைச் சுத்தம் செய்யும் சேர்க்கைகளைத்தான். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இஞ்சின் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடக் கார் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நம் டெல்டாவில் நான் உண்மையாகவே கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். பங்க் டேங்குகள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது மூடி வழியாகக் கொஞ்சம் இறங்கினாலும் போதும். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அது உங்கள் டேங்குக்கு வந்தால் வண்டி குலுங்கி நிற்கும். எந்தப் பிரீமியமும் அதைக் காப்பாற்றாது. வெள்ளம் சூழ்ந்த பங்க்கில், தண்ணீர் சோதனை செய்தார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற ஊர்க் காரில் பாதி டேங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

எந்தக் கம்பெனி நல்லது என்பார்கள். எல்லோருக்கும் தர விதி ஒன்றுதான். எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றின் ஆலைச் சரக்கை மற்றொன்று வாங்கியும் விற்கின்றன. டேங்கைப் பராமரிக்கிற பங்க்காரரைப் பாருங்கள். ஃபில்டர் பேப்பர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் உலர வேண்டும். அன்றைய அடர்த்தியையும் கேட்கலாம். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்பவரை யாரும் தப்பாக நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் கார் கையேடு கேட்கும் எண்ணுக்கு மேல் பணம் கொடுக்காதீர்கள். அந்த மிச்சத்தில் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் நேரத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் போட்டதும் பில்லை வாங்கி வண்டியிலேயே வையுங்கள். வண்டி மக்கர் செய்தால் புகாருக்கு அதுதான் ஆதாரம்.