முந்நூறு ஆண்டு கடந்த வேத விளக்கம்

மத்தேயு ஹென்றியின் பைபிள் விளக்கவுரை இன்றும் அச்சில் இருப்பதற்கு அவருடைய புலமை மட்டும் காரணம் அல்ல. எபிரேயமும் கிரேக்கமும் கற்ற அவர், இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் அரசுத் திருச்சபையைச் சாராத ஒரு சிறு சபையில் 1687 முதல் 25 ஆண்டுகள் போதகராக இருந்தார். அதிகாரம் அதிகாரமாக வேதத்தை விளக்கிச் சொன்ன பழக்கமே நூலாயிற்று. 1704இல் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முதலில் சுருக்கம் தருவார். பிறகு வசனங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாழ்க்கைக்கான பாடத்தை எடுத்துக்காட்டுவார். ஏவாள் விலாவிலிருந்து படைக்கப்பட்ட இடத்தில் இலக்கண ஆராய்ச்சி செய்யாமல், கணவனுக்கு மனைவி சரிசமம் என்ற கருத்தை முன்வைக்கிறார். குடும்பம் நடத்துகிறவருக்கு வேண்டியது அதுதானே! 1714இல் அவர் இறந்தபோது விளக்கம் அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் வந்திருந்தது. மீதியை அவருடைய குறிப்புகளின் துணையோடு வேறு போதகர்கள் எழுதி முடித்தார்கள்.

இந்த நூல் காலாவதியாகிவிட்டது என்பார்கள். பழைய வேதப் பிரதிகள் அடங்கிய சாக்கடல் சுருள்கள் 1947இல்தான் வெளிப்படத் தொடங்கின. மூலப்பிரதி ஆராய்ச்சியும் அகழாய்வும் தந்த செய்திகள் அவருக்குத் தெரிய வழியில்லை. அவற்றுக்குப் புதிய நூல்களையே நாட வேண்டும், அதில் மறுப்பே இல்லை. ஆனால் யோபுவின் துயரத்தை வாசிக்கும் ஒருவர், தன் துயரத்தில் என்ன செய்வது என்றும் கேட்கிறார். பல ஆய்வு நூல்கள் தொடாமல் விடும் அந்தக் கேள்வியை ஹென்றி பக்கத்துக்குப் பக்கம் எடுத்துப் பேசுகிறார்.