ஈஸ்டுக்கு எத்தனை பாகை?

“பெரியப்பா, நீங்கள் நோர்வேயில வீட்டிலேயே பியர் காய்ச்சினீங்களாம். அம்மா சொன்னவ. உண்மையோ?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியபடியே கேட்டான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, என் மனைவியின் தங்கை மகன். வருகிற தை மாதம் பேர்கனுக்கு வேலைக்குப் போகிறான். நான் பதினான்கு வருடம் இருந்த ஊர் என்பதால் ஞாயிறுதோறும் வெள்ளவத்தைக்கு வருவான். குளிருடுப்பு, வீட்டு வாடகை, பஸ் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவான். அன்றைக்கு இந்தக் கேள்வி.

உண்மைதான் என்றேன். அவன் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. நம்மவர்களிடம் ‘காய்ச்சுறது’ என்றால் கசிப்புத்தான் நினைவுக்கு வரும்: பற்றைக்குள் பீப்பாய், இரவில் அடுப்பு, பின்னால் பொலிஸ். ஆனால் கசிப்பு என்பது புளித்ததைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்து வடித்தெடுப்பது. பியரில் வடித்தலே கிடையாது. கொதிக்க வைப்பதெல்லாம் புளிக்க வைப்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு நெருப்புக்கு வேலை இல்லை. நோர்வேச் சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் ஆக்கலாம், வடித்தால் குற்றம்.

“அப்ப இஞ்சையும் செய்யலாமோ?”

“செய்யக்கூடாது தம்பி. இஞ்ச 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்கேலாது. நான் திரும்பி வந்த பிறகு ஒரு போத்தல்கூட ஆக்கேல்லை.”

அங்கே மட்டும் ஏன் ஆக்கினேன் என்றால், முதற்காரணம் விலை. நோர்வேயில் மதுவுக்கு வரி கடுமை. சாதாரணக் கடையில் 4.7 வீதம் வரையிலான பியர்தான் விற்கலாம். அதற்கு மேல் என்றால் 1922இல் தொடங்கிய அரசின் ‘வின்மொனொபொலெ’ கடைக்குப் போகவேண்டும். ஆனால் விலைக்காகத் தொடங்கியவன் விலைக்காகவே தொடர்வதில்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த முதல் நாளில் ஒரு கரண்டி நீரில் கண்ட மாற்றம்.

அதைச் சொல்ல, அலுமாரியிலிருந்து நெஸ்டமோல்ட் டின்னை எடுத்து ஒரு கரண்டி அவன் கையில் கொட்டினேன். “நக்கிப் பார். இந்த இனிப்பு எங்கையிருந்து வருது?”

வாற்கோதுமையை ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தினால் அது மோல்ட். முளைப்பயறு செய்கிற கைகளுக்கு இது புதிதல்ல. முளைவிடும்போது தானியம் தன்னுள் இருக்கும் மாப்பொருளைச் சீனியாக உடைக்க நொதியங்களைத் தயார் செய்துகொள்கிறது, வளரும் குருத்துக்கு உணவு வேண்டுமே. சரியான நேரத்தில் உலர்த்தி அந்த வளர்ச்சியை நிறுத்திவிடுகிறோம். நொதியங்கள் தானியத்துக்குள் உறங்கும்.

இருபது லீற்றர் பியருக்கு நாலரைக் கிலோ மோல்ட் போதும். குறுணலாக உடைத்து, 66, 67 பாகைச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி எடுத்து ருசித்தால் வெறும் மாக்கஞ்சி. வெள்ளையாகக் கலங்கி, நாக்கில் மாவாக ஒட்டும். இருபது நிமிடத்தில் கலங்கல் குறையும். ஒரு மணி நேரம் கழித்து அதே பானையில் அதே கரண்டி: தேன் நிறத்தில் தெளிந்து, பனம்பாணியைத் தண்ணீரில் கரைத்ததுபோல் இனிக்கிறது. யாரும் சீனி போடவில்லை. உறங்கிய நொதியங்கள் விழித்து மாவை இனிப்பாக்கிவிட்டன. பேர்கனின் ஒரு மழை நாளில், குசினியில் நின்று அந்த இரண்டாவது கரண்டியை ருசித்தபோதுதான் இந்த வேலை எனக்கு உரியது என்று தோன்றியது. சூடு 75 பாகையைத் தாண்டினால் நொதியங்கள் செத்துவிடும், கஞ்சி கஞ்சியாகவே நின்றுவிடும். அதனால் வெப்பமானி இல்லாமல் இறங்காதே என்றேன்.

பிறகு அந்த இனிப்பு நீரை வடிகட்டி, ஹொப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். கொடியில் காய்க்கும் பச்சைப் பூ அது. கசப்புக்காகவும் மணத்துக்காகவும் போடுவது. புளிப்பேற்றும் சில பக்ரீரியாக்களையும் அது தள்ளி நிறுத்தும். கோடையில் நீண்ட பகல் கேட்கும் கொடி என்பதால் நமது தீவில் அதற்கு இடமில்லை.

இனித்தான் கடினமான பகுதி, குளிரவைத்தல். கொதித்த நீரைச் சீக்கிரம் ஆற்றி, ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பேர்கனில் குழாய்த் தண்ணீரே பல்லைக் கூசவைக்கும். செப்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கி அந்தத் தண்ணீரை ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் 20 பாகை. வெள்ளவத்தையில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் கை கழுவிப் பார், என்ன சொல்கிறேன் என்று விளங்கும்.

“ஏன், 30 பாகையில ஈஸ்ட் போட்டால் என்ன? அது செத்துப்போகுமோ?”

சாகாது. அதுதான் சிக்கல். மதுவம் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் இந்த ஒற்றைக்கலத்து உயிர் சூட்டில் இன்னும் வேகமாக வேலை செய்யும். சீனியைத் தின்று மதுசாரமும் கரியமில வாயுவும் தரும். ஆனால் ஆங்கிலேயப் பியர் ஈஸ்டுக்கு ஒத்த சூடு 18 முதல் 20 பாகை. லாகர் ஈஸ்டுக்குப் 10 பாகை அளவு. அதற்கு மேலே போனால் வாழைப்பழ வாசம் ஏறும். தொண்டையைக் காந்தும் கனத்த மதுசாரங்களும் கூடும். புளிக்கும்போது தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் அறை 28 பாகை என்றால் பாத்திரத்துக்குள் அதற்கும் மேலே போகும்.

பியரை ஆக்குவது நாமல்ல, ஈஸ்ட்தான். அதற்கு வேண்டிய இனிப்பையும் சுத்தத்தையும் சூட்டையும் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் நமது வேலை. ஊர்விட்டு ஊர் போனவன் பியர் ஆக்க நினைத்தால், புது ஊரின் சூடு தன் கையிலுள்ள ஈஸ்டுக்கு ஒத்துவருமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்தத் தீவுக்கு வந்த வெள்ளையரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர் அவரே. மலைநாட்டில் பியரைத் தொடக்கியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். 1881இல் அங்கே முறையான பியர் ஆலை வந்தது. இன்றைய லயன் நிறுவனத்தின் வேர் அது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் ஏன் ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏறிப்போய் ஆக்கினார்கள்? அங்கேதான் தங்கள் ஊரின் குளிர் கிடைத்தது. குளிரூட்டும் இயந்திரம் ஊன்றிய பிறகு அந்த மலை தேவைப்படவில்லை; 1998இல் ஆலை வெக்கை நிறைந்த பியகமவுக்கு இறங்கிவந்தது. இயந்திரக் குளிரை 1870களில் ஜெர்மனியில் கார்ல் ஃபொன் லிண்ட முதலில் பொருத்திக் கொடுத்ததும் பியர் ஆலைகளுக்குத்தான். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வம்சாவழியில் பியருக்கும் பங்குண்டு.

தேத்தண்ணி முடிந்திருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன். சொல்லவேண்டிய பெரிய விசயம் இனிமேல்தான் இருந்தது.

பேர்கனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போனால் வொஸ் என்ற ஊர். என்னுடன் வேலை செய்த ஒருவரின் சொந்த ஊர். ஒரு மார்கழியில் அவருடைய அண்ணரின் பண்ணைக்குக் கூட்டிப்போனார். வெளியே பனி முழங்காலளவு. உள்ளே பெரிய செப்புக் கிடாரத்தில் ஜூனிப்பர் கிளைகள் போட்ட தண்ணீர் கொதிக்கிறது. எல்லாம் முடிந்து ஈஸ்ட் போடும் வேளையில் நான் வெப்பமானியைப் பார்த்தேன்: 39 பாகை. தவறாக வாசித்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். அவர்கள் அசராமல் ஈஸ்டைக் கொட்டி, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றினார்கள். குளிர்ந்துவிடக் கூடாதாம். மறுநாள் காலை நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டே நாளில் புளித்து முடிந்தது. குடித்துப் பார்த்தால் தோடம்பழத் தோலைக் கிள்ளிய மணம்.

அதன் பெயர் க்வைக். மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட். மரத்துண்டுகளைக் கோத்த வளையத்தை நுரைக்குள் தோய்த்து, உலர்த்தித் தொங்கவிடுவார்கள். அடுத்த முறை ஆக்கும்போது அதே வளையத்தைப் போட்டால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நோர்வேக்காரர் இந்தப் பண்ணைகளுக்கெல்லாம் போய் எழுதி வெளியுலகுக்குச் சொன்னார். இவை மற்றப் பியர் ஈஸ்டுகளிலிருந்து விலகித் தனியாக வளர்க்கப்பட்ட குடும்பம் என்று 2018இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. இவ்வளவு குளிரான தேசத்தில், கொழும்பு வெக்கையை விரும்பும் ஒரு ஈஸ்ட்!

அந்த மர வளையத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு மானிப்பாயில் எங்கள் வளவுப் பனைகளும் அவற்றில் கட்டியிருந்த முட்டிகளும் கண்ணுக்குள் வந்தன. சீவ வருகிறவர் முட்டியைத் தேய்த்துக் கழுவமாட்டார். அலசிக் கவிழ்ப்பார், அவ்வளவுதான். நேற்றைய கள்ளின் ஈஸ்ட் மண்ணின் நுண்துளைகளில் தங்கியிருக்கும். மேலே பாளையிலிருந்து சொட்டும் இனிப்பில் அது உடனே வேலை தொடங்கும். பிளாவில் ஊற்றும்போதே நுரைப்பது அதனால்தான். அதே பனையில் கருப்பநீர் வேண்டுமென்றால் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார். ஈஸ்ட் அதில் வேலை செய்யாது. இனிப்பு இனிப்பாகவே இறங்கும். வளையமும் முட்டியும் ஒரே அறிவு. நுண்ணுயிர் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் அதை வளர்க்கவும் நிறுத்தவும் தெரிந்து வைத்திருந்தார்கள். பவேரியாவின் 1516ஆம் ஆண்டுப் பியர்ச் சட்டம் வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் என்று மூன்றைத்தான் சொல்லும். ஈஸ்டுக்கு அதில் பெயரே இல்லை. பியரைப் பற்றிய பாஸ்டரின் நூல் வர 1876 ஆகவேண்டியிருந்தது.

“பாணுக்குப் போடுற ஈஸ்டைப் போட்டால் சரிவராதோ?” என்றான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பேக்கரி.

இனம் ஒன்றுதான். ஆனால் பாண் ஈஸ்டை வேகமாக வாயு விடத் தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பியர் ஈஸ்டை மணத்துக்கும், வேலை முடிந்ததும் அடியில் படிவதற்கும். பாண் ஈஸ்டில் ஆக்கினால் கலங்கலாக நிற்கும், கராம்பு வாசம் அடிக்கும். குடிக்கலாம், ஆனால் இவ்வளவு பாடுபட்டு அதற்காகவா?

ஒன்றை மட்டும் அவனிடம் இரண்டு தரம் சொன்னேன். முதல் தடவை ஆக்கியபோது எனக்குப் பொறுமை இருக்கவில்லை. ஆறாம் நாள் நுரை அடங்கியதும் முடிந்துவிட்டது என்று நம்பி, சீனி போட்டுப் போத்தலில் அடைத்தேன். நீரில் சீனி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அடர்த்திமானியை வாங்கவே இல்லை. பத்து நாள் கழித்து நடு இரவில் அலுமாரிக்குள் ஒரு போத்தல் வெடித்தது. அதன் அதிர்ச்சியில் இன்னும் இரண்டு. கண்ணாடிச் சில் ஒன்று கதவுப் பலகையில் குத்தி நின்றது. காலையில் என் மகள் பள்ளி உடுப்பு எடுக்கத் திறக்கும் கதவு அது. ஈஸ்ட் தின்று முடிக்காத சீனியும் நான் போட்ட சீனியும் சேர்ந்து, வெளியேற வழியில்லாத வாயுவாகிவிட்டன. அந்தச் சில்லை வெகுகாலம் மேசையில் வைத்திருந்தேன்.

ஆகவே அடர்த்திமானியை முதலில் வாங்கு. தொடக்கத்தில் 1.048 காட்டும். இறங்கி இறங்கி 1.010 அளவில் நிற்கும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தரம் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். தொடக்க எண்ணுக்கும் கடைசியில் நின்ற எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கு. மதுசாரம் 5 வீதத்துக்குக் கிட்ட வரும். போத்தலில் போடும் சீனி லீற்றருக்கு ஆறு கிராம், கூட்டாதே. தொடும் பாத்திரம் எல்லாவற்றையும் கிருமிநீக்கி ஊற்றிக் கழுவு. வாளியை உனக்குப் பிடித்த இடத்தில் வையாதே, ஈஸ்டுக்குப் பிடித்த இடத்தில் வை. பேர்கன் வீடுகளில் நிலவறை குளிர்ச்சியாக இருக்கும், சாதாரண ஈஸ்டுக்கு அது சுகம். க்வைக் என்றால் ஹீட்டருக்குப் பக்கத்தில்.

வெளியே கடற்கரைப் பாதையில் ரயில் போன சத்தம். மனைவி அப்பத் தாச்சியை அடுப்பில் ஏற்றினா. “இருந்து சாப்பிட்டிட்டுப் போ” என்றா.

முதல் அப்பம் வந்தது. ஓரம் மொரமொரப்பாக, நடு பஞ்சாக, கண் கண்ணாக. பிய்த்து வாயில் வைத்தவன் நிமிர்ந்தான்.

“பெரியம்மா, மாவுக்குள்ள தோடம்பழம் ஏதும் போட்டனீங்களோ?”

மனைவி என்னைப் பார்த்தா. நான் எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டிலிருந்து சிறிய ஜாம் போத்தலை எடுத்து வந்தேன். அடியில் பழுப்பு நிறத்தில், உலர்ந்த சருகுபோல் செதில்கள். வொஸ்ஸிலிருந்து வந்தவை. பியருக்கு இங்கே இடமில்லாததால் ஆறு வருடமாக அப்ப மாவைப் புளிக்கவைக்கின்றன. இந்த வெக்கையில் நாலு மணி நேரத்தில் பொங்கிவிடும். இடைக்கிடை கொஞ்ச மாவை எடுத்து உலர்த்திச் சேர்த்துவைப்போம்.

அவன் மூடியைத் திறந்து நெடுநேரம் மணந்து பார்த்தான். பிறகு மேசையிலிருந்த கடதாசித் துண்டை எடுத்து நாலாக மடித்து, விரித்து என் பக்கம் நீட்டினான். ஒரு சிட்டிகை எடுத்து அதில் போட்டேன்.